ஐந்தாவது ஆணி

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டிய ஊரில், கடலுக்கடியில் மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக வைத்திருந்தார் ஒருவர். அடுகோடி என்ற பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருந்த நீச்சல் குளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில். என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டவர்கள் என் வாழ்க்கையில் பலர் உண்டு. தள்ளிய பிறகு, வெளியே வந்துவிட்டானா என்று எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவரை மிஸ் என்று கூப்பிட முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் அவர் என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிய பிறகு, அந்தக் கூச்சம் தானாகவே போய்விட்டது.

ஆள் ஐந்தடி இருப்பார். கோலார் தங்கவயல்காரர். விடியற்காலை ரயிலைப் பிடித்து வருவார். குரல் மட்டும் தங்கவயலிலிருந்து நடந்தே வந்துவிடும் போலிருக்கும். எந்நேரமும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் அவர் சுபாவம். குளத்துக்கு எதிரில் இருந்த கடையில் தேநீர் சொன்னால், எல்லார் கையிலும் கிளாஸ் வந்துசேரும்வரை தன் கிளாஸை வாயருகே கொண்டுபோக மாட்டார். ஒருநாள் எங்களில் ஒருவர் சிகரெட் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார்.

"நாலு கீது. அஞ்சாவது எங்க?"

"வந்துடுவாரு மிஸ், நீங்க குடிங்க, ஆறிடும்."

"டீ ஆறினா சூடு பண்ணிக்கலாம். ஆளு?"

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். மூன்று சாஃப்ட்வேர் இளைஞர்கள், ஒரு பல் டாக்டர் அம்மாள், நான். நான் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பம்பு செய்யும் வேலை இல்லை. பம்போடு கொடுக்கும் விளக்கப் புத்தகத்தை எழுதும் வேலை. என் எழுத்தைப் படித்தவர்களைவிட அதில் வடை மடித்தவர்கள் அதிகம்.

இப்படிப்பட்ட ஆசாமி எதற்காகக் கடலுக்கடியில் போக வேண்டும்? எல்லாம் என் மச்சினன் செய்த வேலை. மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போனவன் ஸ்கூபா சான்றிதழோடு திரும்பி வந்து, தீபாவளிச் சாப்பாட்டில் அந்த அட்டையை அதிரசத் தட்டைப் போல எல்லாரிடமும் சுற்றவிட்டான்.

"காலையில பத்து மணிக்கு க்ளாஸ் மாமா. பன்னெண்டு மணிக்குக் கடல். நாலு மணிக்கு மசாஜ். மூணாம் நாள் கையில கார்டு!"

ஜனவரியில் எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு அந்தமான் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. மச்சினனும் வருவதாக இருந்தான். மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரையும் குறிப்பிடாமல் சொன்னாள்: "சில பேரு எல்லாத்தையும் புத்தகத்துலயே படிச்சுத் தெரிஞ்சுக்கிறாங்க. ஒண்ணுலயாவது இறங்கிப் பாத்தா நல்லாருக்கும்."

பதினொரு பேர் முன்னிலையில், வாயில் அதிரசத்தோடு, நானும் அந்தமானில் கடலுக்கடியில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதிரசம் இருந்ததால் சரியாகக் கேட்டிருக்காது என்று நம்பினேன். கேட்டிருந்தது.

இந்தப் படிப்பில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி புத்தகமும் குளமும். இரண்டாவது, கடலில் நான்குமுறை இறங்கி ஏறுவது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் முதல் பகுதியை உள்ளூர்க் குளத்தில் முடித்து, ஆசிரியர் கையெழுத்துப் போட்ட தாளோடு போய், மற்றதைக் கடலுள்ள ஊரில் முடித்துக்கொள்ளலாம். மச்சினனைப் போல, போன இடத்திலேயே இரண்டையும் முடிப்பவர்களும் உண்டு.

"அங்கயே முடிச்சுக்கலாம் மாமா. எதுக்கு இந்தக் குளிர்ல குளோரின் தண்ணியில ஊறணும்? நீங்க என்ன ஊறுகாயா?"

அவனிடம் நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எனக்கு நீந்தத் தெரியும். அதாவது, மற்றவர்களைவிட மூழ்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அந்தமானில் பயந்து அலறினால் மனைவி பார்ப்பாள். அடுகோடியில் அலறினால் லேத் பட்டறைக்காரர்கள்தான் பார்ப்பார்கள். அவர்கள் இரும்பு அலறுவதையே கேட்டவர்கள்.

முதல் நாள் குளத்துக்குப் போனபோது, சுவரில் ஒரு பலகை, பலகையில் ஐந்து ஆணி. மிஸ் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்தார். என்னுடையது 2714.

"எறங்கறதுக்கு முன்னாடி இத்த ஆணில மாட்டணும். ஏறி வந்தா எடுத்து என் கையில குடுக்கணும். டோக்கன் ஆணில இருந்தா ஆளு கீழ இருக்கான்னு அர்த்தம். எங்க ஊர்ல சுரங்கத்துல இதான் வழக்கம்."

"மிஸ், இது பன்னெண்டு அடி ஆழம்தானே?" என்றார் ஓர் இளைஞர்.

"சாவறதுக்கு ஒரு பக்கெட் போதும் தம்பி. மாட்டு."

சுரங்கம் மூடிய பிறகு அந்த டோக்கன்களைப் பழைய இரும்புக்கடையில் எடை போட்டு விற்றார்களாம். அங்கிருந்து பொறுக்கி வந்தவை அவை.

அவர் பாடம் நடத்தும் முறையில் விளக்கம் கம்மி, தடை அதிகம். தண்ணீருக்குள் தலையாட்டக் கூடாது. இது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அவர் கண்ணெதிரே விரலை நீட்டி 'சரியா?' என்று கேட்பார். நான் நாற்பத்து நான்கு வருடப் பழக்கத்தில் தலையை இடவலமாக ஒரு சுழற்றுச் சுழற்றுவேன். உடனே என் மிதவைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வருவார்.

"அது ஆமாவா, இல்லையா, பாக்கலாமா? இன்னா சார் அது? மேல இருந்தாலே எனக்குப் புரியல. விரலால சொல்லுங்க."

அடுத்தது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிலிண்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் ஊதிய பலூன்போல உப்பிக் கிழிந்துவிடும். இதைப் புத்தகத்தில் மூன்று முறை படித்திருந்தேன். பக்க எண்ணோடு சொல்வேன். ஆனால் தண்ணீருக்குள் போனவுடன், வாயில் குழாய் இருந்தும், மானியக் காற்றைச் சிக்கனம் பிடிக்கிறவன்போல மூச்சை அடக்கிக்கொள்வேன்.

"புக்கு நல்லா நீந்துது சார்," என்றார் மிஸ். "நீங்க எப்ப?"

முகத்தில் மாட்டும் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவது ஒரு பயிற்சி. முதல் தடவை நான் வெளியேற்றியதைவிட விழுங்கியது அதிகம். "குளத்து ஓனர் என்னைக் கேப்பாரு சார், தண்ணி ஏன் கொறையுதுன்னு," என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. அது கடைசி வகுப்பு. வடிகட்டும் இயந்திரம் கெட்டுப்போய்க் குளம் பச்சையாகக் கிடந்தது. கையை நீட்டினால் முழங்கைவரைதான் தெரியும். "அந்தமான்ல எல்லா நாளும் கண்ணாடி மாதிரியா இருக்கும்? எறங்குங்க," என்றார். அன்று எல்லாம் எனக்கு அதிசயமாகச் சரியாக வந்தது. கண்ணாடி காலியாயிற்று, மூச்சு ஓடியது, தலை ஆடவில்லை. அடுத்த வாரம் தாளில் கையெழுத்து என்று விரலால் எழுதிக் காட்டினார். மகிழ்ச்சியோடு எல்லாருக்கும் முன்னால் ஏறி வந்தேன். சேலத்திலிருந்து மாமியார் வரும் ரயில் ஞாபகம் வந்தது. துடைத்ததும் துடைக்காததுமாக ஓடினேன்.

ஆணியில் 2714 தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. மாமியார் கதவைத் திறந்தார்.

"யாரும்மா நீ? இப்படி நனைஞ்சு வந்திருக்கே?"

"சார் கீறாரா?"

"இருக்காரே. இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"பாக்கணும்."

சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வலது உள்ளங்கையைத் துண்டால் சுற்றியிருந்தார், துண்டில் சிவப்பு. என்னைப் பார்த்தார். "அஞ்சு," என்றார். அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. மற்ற நால்வரும் டோக்கனைக் கொடுத்தார்கள். ஓர் ஆணி காலியாகவில்லை. "யாரூ இல்லா மேடம், கெளகே யாரூ இல்லா," கீழே யாருமில்லை என்று காவலாளி கன்னடத்தில் தலையிலடித்துக்கொண்டாராம். நான் வெளியே போனதை அவர் பார்க்கவில்லை. பல் டாக்டர் அம்மாளுக்கு மட்டும் பார்த்ததாக ஒரு சந்தேகம். மிஸ், மிச்சக் காற்றிருந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி, அந்தப் பச்சைத் தண்ணீரில் தரையைக் கையால் தடவித் தடவி மூன்று சுற்றுத் தேடியிருக்கிறார். ஆழத்தில் இருந்த வடிகால் கம்பி கையைக் கிழித்தது. குளத்தில் இல்லை என்று உறுதியான பிறகுதான், சேர்க்கைத் தாளில் விலாசம் பார்த்து ஆட்டோ பிடித்தார்.

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன். "மிஸ், அவசரத்துல மறந்துட்டேன். ஆனா நான் பத்திரமாத்தானே இருந்தேன்…"

"எங்கப்பாவும் அப்டித்தான் சொன்னாரு சார்."

மாமியார் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஏறினார். மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல். டோக்கனைப் பலகையிலேயே விட்டுவிட்டு ஓடினார். சாயங்காலம் ஆள் குறைகிறது என்று மீட்புக்குழு நான்கு பேர் இறங்கினார்கள். தேடும்போது பாறை சரிந்து ஒருவருக்கு இடுப்பு போயிற்று. அந்த நேரத்தில் அப்பா இடைவேளையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா சாவல சார். அதான் கஷ்டம். செத்திருந்தா தேடினதுக்கு அர்த்தம் இருந்திருக்கும். அந்த இடுப்பு போன ஆளு வூட்டுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போய் அவருக்கு ஷேவ் பண்ணி வுடுவாரு. முப்பது வருசம். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்க மாட்டாங்க."

துண்டுக்குள்ளிருந்து டோக்கனை எடுத்து மேஜையில் வைத்தார். "இது எங்கப்பாவோடது. 2714."

"இத ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"சேர வந்த அன்னிக்கே பாத்தேன். தாள எழுதிக் குடுத்துட்டு, பேனாவ மறந்துட்டுப் போனீங்க. மறக்கற ஆளுன்னு தெரிஞ்சிச்சி."

என் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் அவள் ஒருவரை இவ்வளவு முழுமையாக ஆமோதித்து நான் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் கையெழுத்து…" என்று இழுத்தேன்.

"மொதல்லேர்ந்து."

"மிஸ், ஜனவரி பதினெட்டாம் தேதி ஃப்ளைட்!"

"ஃப்ளைட் உங்களுக்கு சார். எனக்கு இன்னா? எனக்குக் கோலாரு வண்டி. அது தெனமும் கீது."

விடுமுறையில் படிப்பதற்கும் வீட்டில் படிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்கு விளங்கியது. அங்கே ஆசிரியருக்கும் மாணவனுக்கும் ஒரே விமானத்தைப் பற்றிய கவலை. இங்கே அவருக்குக் கவலை என்னைப் பற்றி மட்டும்தான். அது மூன்று நாளில் தீர்கிற விஷயமாகவும் இல்லை.

புது வகுப்பில் முதல் பாடத்திலிருந்து உட்கார்ந்தேன். வார நாட்களில் வேலைக்குப் போகுமுன்பும் வரச்சொன்னார். குளிரில் தாடை தந்தியடிக்கும். ஓசூர் ரோடு பேருந்தில் மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுத்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இருப்பவர்கள், தங்களைக் குறித்துத்தான் மூக்கைப் பிடிக்கிறேன் என்று முறைப்பார்கள். மச்சினன் தொலைபேசியில், "என்ன மாமா, ஃபெயிலாமே?" என்பான். பதினாறாம் தேதி வரையில் கையெழுத்து வரவில்லை. டிக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு ஞாபகம் வரும். தீபாவளியன்று பதினொரு பேர் முன்னால் விட்ட சொல், அதோடு மனைவியின் முகம். கூடவே இன்னொன்றும் இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: போகாமலிருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுமோ என்ற நப்பாசை.

பதினேழாம் தேதி காலை, ஏறி வந்தேன். உடம்பைத் துடைக்குமுன், கண்ணாடியைக் கழற்றுமுன், கை தானாகப் போய் டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தது. அவர் உடனே தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நீச்சலை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

பிறகு டோக்கனைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினார்.

"நான் ஏறிட்டேனே மிஸ்?"

"கடல் பாக்கி கீதே. வந்து எடுங்க."

அந்தமானில் என் நான்காவது இறக்கம். முதல் மூன்றில் உயிரோடு வந்ததில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது. மனைவி படகில் உட்கார்ந்து, மேலே வரும் என் மூச்சுக் குமிழிகளைக் கவனித்துக்கொண்டிருப்பாள். அன்று வழிகாட்டியோடு சேர்த்து ஆறு பேர் இறங்கினோம். மச்சினனும் உண்டு, கழுத்தில் கேமரா. கூட வந்த வழிகாட்டி போர்ட் பிளேரிலேயே பிறந்த தமிழர், நல்ல மனிதர். கீழே பவளப்பாறை, கிளிப்பச்சையில் மீன்கள். இவற்றையெல்லாம் நான் சரியாகப் பார்க்கவில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே வந்து படகேறினோம். "எல்லாரும் வந்தாச்சா?" என்றார் வழிகாட்டி.

"ஆச்சு, ஆச்சு," என்றார்கள். படகோட்டி நங்கூரத்தை இழுக்கத் தொடங்கினார்.

நான் எண்ணினேன். பழக்கதோஷம். ஐந்து. என்னைச் சேர்க்க மறந்தேனோ என்று மறுபடி எண்ணினேன். என்னையும் சேர்த்துத்தான் ஐந்து.

"தம்பி எங்கே?" என்றாள் மனைவி.

வழிகாட்டியின் முகம் வெளுத்தது. ஆமையைப் பார்த்ததும் அவன் கேமராவோடு அந்தப் பக்கம் திரும்பியதைத்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறார். தன் சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தார். முள் சிவப்பில் இருந்தது. இருந்தும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு விளிம்புக்குப் போனார்.

ஆட்டோக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாத நான் கத்தினேன்: "நில்லுங்க!"

"சார், நேரமில்ல…"

"கீழ போறதுக்கு முன்னாடி மேல எண்ணுங்க!" எனக்கு அந்தக் கணம் தெரிந்ததெல்லாம், பார்த்தேயிராத ஒரு மனிதரின் உடைந்த இடுப்பு மட்டும்தான். நூறு கஜத்தில் இன்னொரு படகு நின்றது. படகோட்டியும் நானும் சேர்ந்து அதை நோக்கிக் கத்தினோம். உங்கள் ஆட்களை எண்ணுங்கள். எத்தனை பேர் வந்தீர்கள்? இப்போது எத்தனை?

அங்கே தலைகள் ஆடின. விரல்கள் நீண்டன. வந்தது ஏழு பேர். இருப்பது எட்டு.

எட்டாவது ஆள் கூரை நிழலில் உட்கார்ந்து அன்னாசிப் பழம் தின்றுகொண்டிருந்தான்.

"எல்லாப் படகும் நீலமா இருந்துச்சு மாமா," என்றான், எங்கள் படகுக்கு வந்ததும். "பழம் குடுத்தாங்க. நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்." அவன் அக்கா அவனை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு மறுபடி அறைந்தாள்.

வழிகாட்டி தன் அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கியிருந்தா அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்காது சார்," என்றார். சற்றுக் கழித்து, "நீங்க எங்க படிச்சீங்க?"

"அடுகோடி."

"அது எந்தக் கடல் சார்?"

அன்று சாயங்காலமே போர்ட் பிளேரில் ஓர் எஸ்.டி.டி. கடையிலிருந்து குளத்து அலுவலகத்துக்குப் பேசினேன். "மிஸ், நாலும் முடிஞ்சுது. பத்திரமா இருக்கேன்."

"போன்ல எண்ண முடியாது சார். நேர்ல வாங்க," என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிறு. மச்சினனையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான்கு ஆணிகளில் நான்கு டோக்கன்கள், ஐந்தாவதில் 2714. ஓரத்துப் பெஞ்சில் நீச்சலுடையில் ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க இறங்கலையா?"

"அந்த ஆணி காலியாகணுமாம் சார். இன்னும் ஒருத்தர் கடலுக்கடியில இருக்காராம். போன ஞாயித்துக்கிழமையும் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்."

மிஸ் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். படகு மாறிய கதையைச் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டார். மச்சினன் சிரித்தபடி தன் அட்டையை நீட்டினான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பழம் நல்லா இருந்துச்சா சார்?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "ஸாரி மேடம்."

"பெஞ்சில ஒக்காருங்க. அவருக்கு அப்புறம் நீங்க. மொதல்லேர்ந்து."

"எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"ஃப்ளைட் எதனாச்சும் கீதா?"

"இல்ல."

"அப்ப ஆவும்போது ஆவும்."

மூன்றே நாளில் கடலை முடித்தவன், முனகாமல் போய் உட்கார்ந்தான்.

மிஸ் என் பக்கம் கையை நீட்டினார். உள்ளங்கையின் குறுக்கே கம்பி கிழித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஆணியிலிருந்து டோக்கனை எடுத்து அந்தத் தழும்பின்மேல் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார்.

"அஞ்சு," என்றார்.

அப்புறம் அவரிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. நீண்டு, மெதுவாக, தோள்கள் இறங்க. புத்தகம் என்னவோ மூன்று முறை படித்தவன் நான்தான். மூச்சை அடக்கக் கூடாது என்று எங்களுக்கு நூறு முறை சொன்னவர் அவர். ஒன்பது நாளாக அவர் அதை அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.